சாயவேரும் கம்பளி நூலும்

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி, ஆவடிப் பகுதிகளில் வாழும் நாம், இந்நகரம் துணி வணிகத்துக்காக எழுந்ததை மறந்துவிட்டோம். 1639-இல் ஆங்கிலேயரை இங்கு ஈர்த்தவை சாயமேற்றிய பருத்தித் துணிகள். அவற்றின் சிவப்பைத் தந்தது சோழமண்டலக் கடற்கரை மணலில் விளைந்த இம்பூறல் என்னும் சாயவேர்.

பருத்திக்குக் கடுக்காயும் படிகாரமும் ஊட்டிய பின்னரே அந்நிறம் பற்றும். கம்பளி நூலுக்கோ படிகாரமே போதும். இன்று கம்பளிக்கு மாசற்ற சாயம் தேடுவோர் அறியத்தக்க செய்தி இது.

1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானியர் இருவர், இவ்வேரின் நிறப்பொருளான அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து செய்தனர். வேர் தோண்டியோரின் பிழைப்பு அதன்பின் நலிந்தது.

ஆயினும், செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு சாயம் தூயதாகிவிடாது. அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட வங்க உழவர்கள் 1859-இல் கிளர்ந்தெழுந்தனர். இம்பூறலை மீட்க விழையும் நாம், அதைத் தோண்டும் கைகளுக்குரிய கூலியையும் சேர்த்தே எண்ண வேண்டும்.