தெளித்த மருந்து வேலை செய்யவில்லையா? முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

மருந்து தெளித்து மூன்று நாள் ஆகியும் பூச்சி அப்படியே இருந்தால், "போலி மருந்து" என்றோ, "பூச்சிக்கு மருந்து பழகிவிட்டது" என்றோ நினைக்கிறோம். அடுத்த முறை அளவைக் கூட்டுகிறோம். அவை காரணமாக இருக்கலாம். ஆனால், மருந்தைக் கலக்கிய தண்ணீரே அதைக் கெடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. தண்ணீரில் காரத்தன்மை அதிகமாக இருந்தால், சில மருந்துகள் செடியில் படும் முன்பே டேங்கில் சிதைந்துவிடும்.

கார அமில நிலை என்றால் என்ன?

தண்ணீரின் கார அமில நிலையை பி.எச். என்ற அளவால் குறிப்பிடுகிறோம். இது 0 முதல் 14 வரை இருக்கும். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம் (புளிப்பு), மேலே காரம். ஒரு எண் கூடினால் காரத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. பி.எச். 7 உள்ள நீரைவிட 9 உள்ள நீர் 100 மடங்கு காரமானது.

மழைநீர் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உள்ளது. சுண்ணாம்புப் பாறை வழியே ஊறி வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் உப்புகள் கரைந்திருப்பதால், அதன் பி.எச். பல இடங்களில் 8-ஐத் தாண்டுகிறது.

மருந்து எப்படிச் சிதைகிறது?

மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பாக மாறி ஆரத்தி நீர் ஆகிறது. காரம் பட்டதும் மஞ்சளில் உள்ள நிறப்பொருள் மாறுவதே காரணம். மருந்தில் நிற மாற்றம் எதுவும் தெரியாது. ஆனால், கார நீரில் உள்ள ஹைட்ராக்சைடு அயனிகள் மருந்து மூலக்கூறின் பிணைப்பைத் துண்டித்துவிடும். இதை நீராற்பகுப்பு என்பார்கள். துண்டான மருந்துக்குப் பெரும்பாலும் பூச்சியையோ பூஞ்சாணத்தையோ கொல்லும் சக்தி இருக்காது.

மருந்தில் பாதி சிதைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். இவை விளக்கத்துக்காக மட்டுமே. தெளிக்கச் சொல்லும் பரிந்துரை அல்ல.

* கேப்டான் (பூஞ்சாணக்கொல்லி): பி.எச். 5-ல் சுமார் 32 மணி நேரம். 7-ல் 8 மணி நேரம். 8-ல் வெறும் 10 நிமிடம்.
* மாலத்தியான் (பூச்சிக்கொல்லி): பி.எச். 5-ல் சுமார் 107 நாட்கள். 7-ல் 6 நாட்கள். 9-ல் அரை நாள்.

பி.எச். 8 உள்ள நீரில் 100 கிராம் கேப்டானைக் கலக்கினால் 10 நிமிடத்தில் 50 கிராம், 20 நிமிடத்தில் 25 கிராம், அரை மணி நேரத்தில் சுமார் 12 கிராம்தான் மிஞ்சும். டிரம்மில் கலக்கி வைத்துவிட்டு சாப்பிட்டு வந்து தெளித்தால், கொடுத்த காசில் பெரும் பகுதி வீண்.

மாலத்தியான் அப்படி அல்ல. கலக்கிய ஒரு மணி நேரத்தில் தெளித்தால் பெரிய இழப்பு இல்லை. காலையில் கலக்கி மிச்சத்தை மறுநாள் தெளித்தால்தான் நஷ்டம். வெயிலில் டிரம் சூடானால் சிதைவு இன்னும் வேகமாகும்.

பொதுவாக ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் கார நீரில் நிலைக்காது. வேப்பங்கொட்டைச் சாற்றில் உள்ள அசாடிராக்டினும் கார நீரில் வேகமாகச் சிதையும்.

எப்படிச் சோதிப்பது?

ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் பி.எச். தாள் கிடைக்கும். தாளைத் தண்ணீரில் நனைத்து, நிறத்தை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும்.

துல்லியமாக அறிய மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ நீர் மாதிரி கொடுக்கலாம். மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்ட பிறகு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் இரண்டு, மூன்று முறை அலசி, நிரப்பி மூட வேண்டும். கோடைக்கும் மழைக்காலத்துக்கும் அளவு மாறலாம் என்பதால், ஆண்டுக்கு இருமுறை சோதிப்பது நல்லது.

எப்படிச் சரிசெய்வது?

பெரும்பாலான மருந்துகளுக்கு 5.5 முதல் 6.5 வரையிலான பி.எச். ஏற்றது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் போதும். எவ்வளவு தேவை என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். பக்கத்துத் தோட்டத்து அளவை அப்படியே பின்பற்றக் கூடாது.

1. ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுக்கவும்.
2. ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு நன்றாகக் கலக்கி, சில நிமிடம் கழித்துச் சோதிக்கவும்.
3. பி.எச். 6 வரும் வரை ஒவ்வொரு கிராமாகச் சேர்க்கவும்.
4. வாளிக்கு ஆன அளவை 20-ஆல் பெருக்கினால் 200 லிட்டர் டிரம்முக்கான அளவு கிடைக்கும்.

தண்ணீரை முதலில் சரிசெய்த பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும். பேட்டரி ஆசிட், கழிவறை ஆசிட் போன்றவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஆளுக்கும் பயிருக்கும் ஆபத்து. வாய்ப்பு இருந்தால், தெளிப்புக்கு மட்டும் மழைநீரைச் சேமித்து வைப்பது இன்னும் எளிது.

எதற்கெல்லாம் அமிலம் சேர்க்கக் கூடாது?

* காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற தாமிர மருந்துகள்: அமில நீரில் தாமிரம் அதிகமாகக் கரைந்து இலை கருகும்.
* மெட்சல்பியூரான் மீத்தைல் போன்ற சல்போனைல்யூரியா களைக்கொல்லிகள்: இவை அமில நீரில்தான் சிதையும்.
* உயிரியல் மருந்துகள்: நடுநிலையை ஒட்டிய நீரே ஏற்றது.

போர்டோ கலவையிலும், சுண்ணாம்பு சேர்த்த துத்தநாக சல்பேட் கரைசலிலும் காரம் அதிகம். இவற்றோடு பூச்சிக்கொல்லியைக் கலந்து தெளிக்கக் கூடாது.

மறக்கக் கூடாதவை

* லேபிளில் உள்ள பயிருக்கு மட்டும், அதில் உள்ள அளவிலேயே மருந்தைப் பயன்படுத்தவும். தண்ணீர் பற்றிய குறிப்பு இருந்தால் அதையே பின்பற்றவும்.
* தேவையான அளவு மட்டும் கலக்கி, உடனே தெளித்து முடிக்கவும். இரவு முழுவதும் வைத்திருக்க வேண்டாம்.
* கலக்கிய டிரம்மை நிழலில் வைக்கவும்.
* மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்ட வேண்டாம். செலவு கூடும், விளைபொருளில் நஞ்சு தங்கும், தெளிப்பவருக்கும் கெடுதல்.

அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும் முன், உங்கள் கிணற்றுத் தண்ணீரின் பி.எச். என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொரு டப்பா மருந்து வாங்கும் தேவையே இல்லாமல் போகலாம்.