அகிற்புகையும் சுடும் இரும்பும்

கூந்தலுக்கு வெம்மை ஊட்டும் வழக்கம் தமிழ் மகளிர்க்குப் புதியதன்று. கூதிர்க் காலத்தில் மகளிர் தம் கூந்தலில் சில மலர்களே சூடுவதற்காகத் தகர விறகில் தீ மூட்டி, வயிரம் பாய்ந்த அகிலைப் புகைத்த காட்சியை நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுகிறார். ஈரம் புலரவும் மணம் ஏறவும் அவ்விளஞ்சூடே போதியதாயிற்று. கூந்தலைத் தீ தொட்டதில்லை, புகையே தொட்டது.

அந்த அகிலுக்கும் மலேசிய மண்ணுக்கும் பழந்தொடர்பு உண்டு. மதுரைக்குக் கீழ்க்காற்றோடு வந்த பொருள்களுள் அகிலையும் கருப்பூரத்தையும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறுகிறது. பட்டினப்பாலை குறிக்கும் காழகம் என்பதற்குக் கடாரம் என உரை கண்டார் நச்சினார்க்கினியர். அக்கடாரமே இன்றைய கெடா என்பர். மலாய் மக்கள் 'கஹாரு' என வழங்குவதும் அகிலையே. வரைமுறையின்றி வெட்டப்பட்டு அருகிய இம்மரத்தின் வாணிகம் 1995இல் பன்னாட்டுக் கட்டுப்பாட்டிற்கு உட்படுத்தப்பட்டது. தமிழர் இல்லங்களில் எஞ்சி நிற்பது சாம்பிராணிப் புகையே.

சுடும் இரும்பின் வரலாறு வேறு. பாரிசில் 1872ஆம் ஆண்டளவில் மார்செல் கிராட்டோ என்னும் முடியொப்பனைக் கலைஞர், காய்ச்சிய இடுக்கியால் நேர்முடியில் அலைகளை உண்டாக்கிப் பெரும்புகழ் பெற்றார். நிலையான சுருளை அமைக்க முயன்ற கார்ல் நெஸ்லர், தொடக்கச் சோதனைகளில் தம் மனைவியின் முடியையே கருக்கிவிட்டார். பின்னரே இலண்டனில் தம் முறையை 1900களில் அரங்கேற்றினார். ஐரோப்பியர் இத்துணை இடர்ப்பட்டுத் தேடிய அலையைத்தான், ஆற்று அறல்போல் நெளியும் கூந்தல் எனச் சங்கப் புலவர் பாராட்டினர். பிறப்பிலேயே அது வாய்த்த பெண்கள் இன்று அதனை அழிக்கச் சூடேற்றுவது வியப்பிற்குரிய தலைகீழ் மாற்றமாகும்.

1880களில் கோலாலம்பூரை மீண்டும் கட்டியெழுப்பச் செங்கல் சுட்ட சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்சில், இன்று ஒப்பனை நிலையங்களின் நேராக்கும் கருவிகள் சூடேறுகின்றன. அவற்றுட் சில 230 பாகை செல்சியசு வரை எட்டும். முடியின் புரதமாகிய கெரட்டின் ஏறத்தாழ அந்நிலையிலேயே கட்டுக்குலைகிறது. ஈரமுடியில் வைத்தாலோ கேடு மிகுதி. முடியினுள் உள்ள நீர் கொதித்து ஆவியாகிக் குமிழ்களை உண்டாக்க, அவ்விடத்தில் முடி முறிகிறது.

இத்துணைத் துன்பத்திற்கும் கிட்டும் பயன் யாது? சூடு, முடியிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுத்துப் புதிய வடிவில் மீண்டும் பிணைக்கிறது. ஆனால் அதே பிணைப்புகளை ஈரமும் அறுக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு எண்பதை ஒட்டியே நிற்பது. காலையில் நேராக்கிய முடி, மாலையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் பூக்கடையை அடைவதற்குள் மீண்டும் நெளியத் தொடங்கும். மறுநாளும் இரும்பைத் தேட வேண்டியதே. திருமண நாளில் ஒருமுறை செய்வதும் நாள்தோறும் செய்வதும் ஒன்றாகா.

ஆயினும் சூட்டையே பகையெனக் கொள்வது பொருந்தாது. நெடுநேரம் ஈரமாகவே விடப்படும் முடியும் உள்ளே நலிகிறது. 15 சென்டிமீட்டர் தொலைவில் ஓயாது அசைத்துப் பயன்படுத்தும் உலர்த்தி அவ்வகையில் தாழ்வில்லை என 2011இல் கொரிய ஆய்வாளர் கண்டனர். அகிற்புகையூட்டிய மகளிரின் வழக்கத்திற்கு இஃது அரண் செய்கிறது எனலாம். தேங்காய் எண்ணெய் முடியினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் என்பதும் 2003இல் வெளிவந்த ஆய்வு முடிபாகும். பாட்டிமார் இதற்கு ஆய்வேட்டினை எதிர்பார்த்திருக்கவில்லை!

முடி உயிரற்ற இழை. தோலைப்போல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளாது. திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வதால், இடையைத் தொடும் கூந்தலின் நுனி ஐந்தாறு ஆண்டு முதிர்ந்தது. ஒரு காலைப் பொழுதில் கருகிய அந்நுனியை வெட்டித்தான் ஆகவேண்டும். அந்நீளம் திரும்புவதற்கு மேலும் பல திங்கள் காத்திருக்க வேண்டும்.