"வேலை இல்லையென்றால் ஊர் மாற வேண்டியதுதானே?"

இப்படிக் கேட்கும் நண்பர்களுக்காக ஒரு பழைய கணக்கு.

1928இல் பிரித்தானிய அரசாங்கமும் இதையேதான் கேட்டது. தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. வேலை இழந்தவர்களை வேறு பகுதிகளுக்கு அனுப்பவென்றே ஒரு சபை அமைத்தார்கள். பலர் போனார்கள். ஒக்ஸ்போர்டில் மொரிஸ் கார்த் தொழிற்சாலையில் வேல்ஸ்காரர்கள் நிறையப் பேர். ஆனால் போனவர்களில் கணிசமானோர் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

சோம்பலா? இல்லை, வாடகை!

1915இலிருந்து சாதாரண மக்களின் வீட்டு வாடகை சட்டக் கட்டுப்பாட்டில் இருந்தது. 1923 சட்டம் அதில் ஓர் ஓட்டை போட்டது. குடியிருப்பவர் வெளியேறி வீடு காலியானால் கட்டுப்பாடும் போய்விடும். அதாவது, ஊரை விட்டுப் போகிறவருக்குப் புது இடத்திலும் கூடிய வாடகை. திரும்பி வந்தால் பழைய வாடகையும் இல்லை. சொந்த வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். ஊரே வேலையிழந்து கிடக்கும்போது வீட்டை யார் வாங்குவது? குடும்பத்தை விட்டுத் தனியாகப் போனாலோ இரண்டு இடத்துச் செலவு.

ஊரிலேயே இருந்தால்? 1931 வெட்டுக்குப் பிறகு ஓர் ஆணுக்கு வாரக் கொடுப்பனவு 15 ஷில்லிங் 3 பென்ஸ். அதோடு உறவினர் உதவி, கடையில் கடன்.

அதே 1931இல் குடும்ப வருமானப் பரிசோதனையும் வந்தது. மகன் உழைத்தால் தந்தையின் கொடுப்பனவு குறையும். கடைசியில் பெட்டியைக் கட்டியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்தான். வீட்டில் இருந்து உழைப்பதைவிட வெளியே போவதே வீட்டுக்கு இலாபம் என்று ஆக்கியது, வாடகையும் வேலையும் பற்றிப் பேசிய அதே அரசாங்கம்.