கணினி அவையில் வினாவும் விடையும்

வினாவுக்கும் விடைக்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துரைக்கிறது. இப்பகுப்பு வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. முன்பின் அறியாதோர் பல நாடுகளிலிருந்து கூடி, கணினியின் கோளாறுகளைக் கேட்டும் தீர்த்தும் வந்த இணைய அவைகளின் வரலாற்றை அளந்தறியவும் அது தக்க கோலாக அமைகின்றது.

சிங்கப்பூரின் வடபால் உள்ள கிராஞ்சியில் பிபிசி நிறுவனத்தின் ஒலிபரப்பு அஞ்சல் நிலையம் 1979 முதல் 2023 வரை இயங்கியது. வானொலியில் பேசுவோர் சிலர்; கேட்போர் பலர். கேட்பவர் அப்பொழுதே எதிர்த்து வினவ இயலாது. ஆயினும், பேசப்படுவதனை ஆசிரியர் குழு ஒன்று முன்னரே ஆய்ந்து விடுக்கும். இணையம் இம்முறையைத் தலைகீழாக்கிற்று. யாவரும் கேட்கலாம், யாவரும் விடை கூறலாம். அவ்வாறாயின், சொல்லப்படுவதன் தரத்தை ஆய்பவர் யார்? இவ்வினாவுக்குத் தமிழர் கண்ட விடைகளுள் ஒன்று சிங்கப்பூரிலேயே உருப்பெற்றது.

எழுத்துருச் சிக்கல்

1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங், சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அமைந்த கவிதைத் தொகுப்பு ஒன்றை இணையத்தில் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர், எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி (1946-1999).

அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒருவர் எழுதி அனுப்பிய தமிழ், மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 'தமிழ் ஏன் தெரியவில்லை?' என்று கேட்டவருக்கு, 'இன்ன எழுத்துருவை நிறுவுக' என்ற விடை வந்தது. வேறொருவரிடம் கேட்டால் வேறோர் எழுத்துருவின் பெயர் வந்தது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு விடையும் மெய்யே. ஒருங்கு நோக்கின் எதுவும் தீர்வன்று. விடைகள் பெருகுவதால் மட்டும் அறிவு பெருகுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன்பின், ஆஸ்திரேலியா, மலேசியா, சுவிட்சர்லாந்து, தமிழ்நாடு முதலிய இடங்களிலிருந்த ஆர்வலர் மின்னஞ்சல் வழியே நெடுநாள் வாதிட்டுத் 'தகுதரம்' எனவும் சுட்டப்பட்ட டிஸ்கி குறியீட்டை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு டாம், டாப் என்னும் வேறு குறியீடுகளைத் தேர்ந்தது. இவ்வேறுபாடுகளுக்கிடையே 2000 சூலையில் சிங்கப்பூர் மாநாட்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. இறுதியில், 1991-இன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்திருந்த யுனிகோடே எங்கும் நிலைபெற்றது.

டிஸ்கி இன்று வழக்கில் இல்லை. எனினும், அதனை ஆக்கிய முறை கருதத்தக்கது. வாதிட்டவர் தம் பெயரோடு வாதிட்டனர். மறுப்பு யாவரும் காண எழுதப்பட்டது. பிழையென நிறுவப்பட்டது நீக்கப்பட்டது.

எட்டு வகை விடை

இத்தகைய ஆய்வைப் பேரளவில் அமைக்க முயன்றது, ஜெஃப் ஆட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் இருவர் 2008-இல் தொடங்கிய 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்னும் நிரலாளர் அவை. அங்கு நல்ல விடைக்கு வாக்கு உண்டு. வாக்கினால் மதிப்பெண் உயரும். மதிப்பெண் உயர்ந்தவர் பிறர் எழுத்தைத் திருத்தும் உரிமை பெறுவர். உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட மட்டுறுத்துநர், ஊதியமின்றி அவையைக் காப்பர்.

இவர்கள் பணியை நன்னூல் வழி நின்று விளக்கலாம். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்கு நேராக அமையும் விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. அவை நேர்விடையை வேண்டின. 'எனக்கும் இதே கோளாறு' என்பது உற்றது உரைத்தல். 'நீரே தேடிப் பாரும்' என்பது ஏவல். கேட்டதை விட்டு அதனோடொத்த பிறிதொன்றைச் சொல்வது இனமொழி. உரையாடலில் இவை அழகு. ஆனால், பத்தாண்டு கழித்து அதே கோளாற்றோடு வருபவருக்கு இவை பயன்படா. ஆதலின் அவை களையப்பட்டன.

களையெடுப்பு கடுமையானபோது பயிரும் வாடிற்று. புதியவர் வினாக்கள் விரைந்து மூடப்பட்டன. தம் அவை புதியவரை வரவேற்பதாக இல்லை என்று 2018-இல் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அறியாவினாவோடு வருபவரை ஐயவினா நோக்கி அழைத்துச் செல்வதே ஆசிரியர் கடமை. 'ஓடவில்லை' என்பது அறியாமை, 'இதனாலோ, அதனாலோ?' என்பது ஐயம். இரண்டுக்கும் இடையே உள்ள படியில் ஏற்றிவிடாமல் வாயிலை அடைப்பது தரம் காத்தல் ஆகாது.

உற்றறியாத விடை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த திங்களிலேயே, அது ஆக்கும் விடைகளை இடுதலை அவ்வவை தடைசெய்தது. அவ்விடைகள் பார்வைக்குச் சரியாகத் தோன்றி, ஆய்ந்தவழிப் பலவும் பிழைபட்டிருந்தமையே காரணம். பிழைவிடை எழுத நொடிகள் போதும். அதனைப் பிழையென நிறுவ நெடுநேரம் வேண்டும். 2023-இல் நிறுவனம் அத்தகைய பதிவுகளை நீக்கும் உரிமையைக் குறுக்கியபோது, சூன் மாதம் மட்டுறுத்துநர் பலர் பணி நிறுத்தம் செய்தனர். ஆகத்துத் தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பொறி தருவது பெரும்பாலும் நேர்விடையே. அவை வேண்டிய வடிவம் அதுவே. ஆனால், அக்கோளாற்றைப் பட்டுத் தெளிந்த அறிவு பொறிக்கு இல்லை. நல்ல நேர்விடை எதற்கும் அடியில், எழுதியவர் உற்றறிந்த ஒன்று புதைந்து கிடக்கும். வடிவத்தை மட்டும் ஆய்பவர்க்கு அது தென்படாது. மேலும், பொறியிடம் தனியே கேட்ட வினா பொதுவில் பதிவாவதில்லை. ஒருவர் பெற்ற தெளிவு அடுத்தவருக்குக் கிட்டாது. பிழையையும் எவரும் திருத்த இயலாது.

தமிழ் போன்ற மொழிக்கு இவ்விழப்பு பெரிது. ஆங்கிலத்தில் எழுதிக் குவித்த விடைகள் ஏராளம். தமிழில் இன்னும் சிலவே. ஆகவே மாணவர்க்கு இருவகைப் பயிற்சி வேண்டும்: முயன்று பார்த்ததைச் சொல்லி ஐயவினாவாகக் கேட்டல், தெளிந்தபின் அதனைத் தமிழில் பெயரோடு, பிறர் திருத்தத்தக்க இடத்தில் எழுதிவைத்தல். நன்னூலின் வினாவிடைப் பகுதியைக் கற்பிக்கும் நாளில் இப்பயிற்சியைத் தொடங்குவது எளிது.