துளையிடாமல் சேர்ப்பது

சில மாதங்களுக்கு முன் மூதாட்டி ஒருவர் நம் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். தம் திருமணத்தின்போது தந்தையார் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம் பழைய கோப்பில் இருக்கிறதா எனக் கேட்டார். தேடியதில் கடிதம் கிடைத்தது. ஆனால், தாள்களைச் சேர்த்து எவரோ நல்லெண்ணத்தோடு குத்திவைத்த குண்டூசி துருவேறி, கையொப்பம் இருந்த இடத்தையே அரித்துவிட்டிருந்தது. அத்துளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் மௌனமாகத் திரும்பினார். தாள்களைச் சேர்த்து வைப்பதிலும் இத்துணைப் பொறுப்பு உண்டோ என அன்று நாம் எண்ணினோம்.

எழுதியவற்றைச் சேர்த்து வைக்க மனிதர் நெடுங்காலம் கையாண்ட வழி துளையிடுவதே. நம் முன்னோர் பனையோலைகளில் துளையிட்டு, கயிறு கோத்துச் சுவடியாகக் கட்டினர். கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பை 'ஓலை' என்று நாம் சொல்வதும் அக்காலத்தை நினைவூட்டுகிறது. காகிதம் வந்த பின்னும் துளை நீங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் தாள்களின் ஓரத்தில் துளையிட்டு நூலால் தைத்தே சேர்த்து வந்தனர். இடையில் ஒரு தாளை எடுக்க வேண்டுமாயின் தையலையே பிரிக்க வேண்டியிருந்தது.

வாஷிங்டன் நகரில் எட்வின் பால்ட்ஸ்லி என்றோர் எழுத்தாளர் இருந்தார். புதியன புனைவதிலும் நாட்டமுடையவர். எழுதுகிறவர் திருத்துவார், திருத்துகிறவர் தாளை மாற்றுவார். அவருடைய கையெழுத்துப் படிகளை எளிதாகச் சேர்த்துவைக்க உதவ விரும்பிய மகன் லூயிஸ் பால்ட்ஸ்லி, 1910-இல் ஒரு கவ்வியை உருவாக்கினார். 1915-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் மேசைகளில் கிடக்கும் கறுப்பு பைண்டர் கிளிப் அதுவே. பின்னர் வடிவத்தில் சில மாற்றங்கள் நேர்ந்தபோதும் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை.

அதன் அமைப்பு மிக எளியது. வளைத்தால் மீளும் எஃகுத் தகட்டை முக்கோணமாக மடித்து, இருபுறமும் கம்பிப் பிடிகளைப் பொருத்தியுள்ளனர். பிடிகளை அழுத்தினால் அவை நெம்புகோலாகி வாயைத் திறக்கின்றன. விட்டால் எஃகின் விசை தாள்களைக் கவ்விக்கொள்கிறது. பிடிகளைத் தாளின்மேல் மடித்துப் படியவிடலாம். இருபுறமும் நெருக்கிக் கழற்றியும் விடலாம். ஊசியோ, நூலோ, துளையோ இல்லை.

அலுவலகத்துக்கெனப் பிறந்த இக்கருவி இன்று அடுக்களை வரை வந்துவிட்டது. பிரித்த மிளகாய்த்தூள் பொட்டலத்தின் வாயை மடித்துக் கவ்வுகிறது. தீரும் நிலையிலுள்ள பற்பசைக் குழாயின் சுருட்டிய அடியைப் பிடித்துக்கொள்கிறது. மேசையோரத்தில் மாட்டினால் கம்பி வளையத்தினூடே கைப்பேசியின் மின்கம்பி நழுவாமல் நிற்கிறது. பாடகற்குழுவினர் காற்றில் பறக்கும் பாடல் தாள்களை இதனால் அடக்குகின்றனர். பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் மருத்துவரின் சீட்டுகளையும் ஒன்றாய்ச் சேர்த்து ஆணியில் மாட்டிவைக்கும் தாய்மாரையும் நாம் கண்டிருக்கிறோம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கிளிப்பும் இரும்பே. ஈரக்காற்றில் பல்லாண்டு விட்டுவைத்தால் அதுவும் துருவேறும். தாளில் தழும்பு பதிக்கும். நாள்தோறும் புழங்கும் தாள்களுக்கே அது ஏற்றது. தலைமுறைகளுக்காக வைப்பவற்றிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, தாள்களை உறையிலிடுவதே நன்று. கழற்றும்போது அது எதையும் கிழிப்பதில்லை என்பதுதான் அதன் சிறப்பு.

மூதாட்டி சென்ற பின் நம் அலுவலகக் கோப்புகளிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினோம். ஒரு சிறு டப்பா நிறைந்துவிட்டது; பணி இன்னும் முடியவில்லை. தம் தந்தையின் தாள்களுக்காக ஒரு மகன் செய்த கருவி, எத்தனையோ பிள்ளைகளின் தந்தையர் எழுதிய தாள்களை இன்று காயமின்றிக் காக்கிறது. அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய கடிதங்கள் இருக்கும். இன்று மாலையே திறந்து பாருங்கள். ஊசி ஏதேனும் இருந்தால் மெல்ல எடுத்துவிடுங்கள்.