ஓலைச் சான்றும் வீடு தேடி வரும் நோட்டரியும்

வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுதிய எழுத்து நிற்கும் என்பர். ஆயினும் எழுத்து நின்றுவிட்டால் மட்டும் போதுமா? அதனை எழுதியவர் இன்னாரே, மனம் ஒப்பியே எழுதினார் என்று எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். அங்ஙனம் உரைப்பவரைச் சான்று என்றும் கரி என்றும் நம் முன்னோர் வழங்கினர். இக்காலத்தில் அப்பணியைச் சட்டத்தின் துணையோடு செய்பவர் நோட்டரி எனப்படுகிறார். முதியோரும் நோயாளரும் அவரிடம் செல்ல இயலாதபோது அவரே அவர்கள் இல்லம் தேடி வருவதும் உண்டு. 'நடமாடும் நோட்டரி' என்று நகரத்தார் இன்று வழங்கும் இவ்வழக்கம் புதியதா, பழையதா? அதனால் விளையும் நன்மை யாது? அதற்குரிய எல்லை யாது? இவற்றை வரலாற்று வழி நின்று காண்போம்.

பத்திரத்தைப் பற்றிய வழக்குகளுள் தமிழர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றது திருவெண்ணெய்நல்லூர் வழக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அதனை விரித்துரைக்கிறார். சுந்தரர் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், 'உன் பாட்டன் எழுதித் தந்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை' என்கிறார். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவரோ, கிழிந்தது படியோலையே, மூலவோலை தம்மிடம் உள்ளது என்று சபையில் முறையிடுகிறார். சபையார் முதியவரின் சொல்லைக் கேட்டவுடன் தீர்ப்புக் கூறினாரல்லர். நெடுநாள் வழக்கம் உண்டா, ஆவணம் உண்டா, கண்டார் சான்று உண்டா என வினவினர். மூலவோலையைக் கரணத்தான் படித்தான். சான்று எழுதியோரின் எழுத்து நோக்கப்பட்டது. பாட்டனார் கையெழுத்துடைய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து ஒப்பிட்டனர். அதன் பின்னரே தீர்ப்புப் பிறந்தது. வழக்காட வந்தவர் இறைவனே ஆயினும், மூலமும் சான்றும் ஒப்பீடும் இன்றி ஓலை செல்லாது என்பது அச்சபையின் முறை. அடியார் வரலாறு கூறவந்த நூல் அக்கால நீதிமுறையையும் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது.

கல்வெட்டுகளும் இம்முறைக்குச் சான்று பகர்கின்றன. சோழர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளில் 'ஆவணக்களரி' என்னும் சொல் வருகிறது. ஆவணங்கள் முறைப்படி நிறைவேற்றப்பட்ட இடம் அது. ஆவணத்தின் இறுதியில் ஒவ்வொருவரும் 'இவை என் எழுத்து' என்று ஒப்பமிட்டனர். எழுத்தறியாதார் இட்ட குறிக்குத் 'தற்குறி' என்று பெயர். அக்குறி இன்னாருடையது என எழுத்தறிந்த ஒருவர் உடனிருந்து உறுதி செய்தார். இன்று 'தற்குறி' என்பது வசைச்சொல்லாகிவிட்டது. அன்றோ அது எழுதப் படிக்கத் தெரியாத ஏழையும் தன் உரிமையை நிலைநாட்டிக்கொள்ள உதவிய வழியாய் இருந்தது.

நிற்க. நோட்டரி என்னும் பதவி ஐரோப்பாவில் தோன்றியது. உரோமானியரிடையே குறிப்பெழுதுவோரைச் சுட்டிய சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. இங்கிலாந்தில் நோட்டரிகளை நியமிக்கும் உரிமை முதலில் போப்பாண்டவரைச் சார்ந்திருந்தது. எட்டாம் என்றி மன்னன் காலத்தில், 1533-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது கான்டர்பரி பேராயரைச் சேர்ந்தது. ஈழத்திலோ டச்சுக்காரர் வழியாக இச்சொல் புகுந்து 'நொத்தாரிசு' என வழங்கலாயிற்று. அங்கே நில உரிமை மாற்றம் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் நடைபெற வேண்டும் என்று 1840-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. யாழ்ப்பாணத்தார் நிலப் பத்திரத்தை 'உறுதி' என்றே அழைப்பர். இந்தியாவில் நிலவிற்பனைக்கு உரியவர் சார்பதிவாளரே, நோட்டரி அல்லர். கடல் கடந்தால் ஒரே பெயருடைய பதவியின் அதிகாரம் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளுதல் நன்று. பின்னர்க் கூறப்போகும் ஓர் இடர் இதனை மறப்பதால் விளைவது.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். 1809-இல் இங்குப் படைவீடாகிய கன்டோன்மென்ட் அமைந்தது. சென்னைப் படையைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலிருந்து படைவீரரும் வணிகரும் கொத்தரும் எழுத்தரும் வந்து, அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் குடியேறினர். 1881-இல் மைசூர் நாடு உடையார் மரபினரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும், சிவில் அண்டு மிலிடரி ஸ்டேஷன் என்னும் இப்பகுதி ஆங்கிலேய ரெசிடெண்டின் கீழேயே நின்றது. ஆதலின் பேட்டையில் ஓர் ஆட்சி, கன்டோன்மென்ட்டில் ஓர் ஆட்சி என்று ஒரே ஊரில் இரண்டு நிலவின. 1947-இல் அப்பகுதி மைசூர் அரசிடம் திரும்பியது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகிப் பெங்களூர் மாநகராட்சி உருவாயிற்று. 1950-இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது. பதினெட்டு அலுவலகங்களைத் தன்னகத்தே கொண்டதால் அட்டாரா கச்சேரி எனப் பெயர் பெற்ற செந்நிற மாளிகை 1864 முதல் 1868 வரை கட்டப்பட்டது. அதனைக் கட்டுவித்த ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழர். இன்று அது கர்நாடக உயர்நீதிமன்றமாய் விளங்குகிறது.

1940-இல் எச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ., 1954-இல் பி.இ.எல். எனத் தொழிற்சாலைகள் எழ, மேலும் பல தமிழ்க் குடும்பங்கள் வந்து காலனிகளில் வாழத் தொடங்கின. அவர்களுக்குப் பிழைப்பு இங்கே. பூர்வீக வீடும் நிலமும் அங்கே. பாகப்பிரிவினை, வாரிசுரிமை, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திரம் எல்லை கடந்து செல்லவேண்டியதாயிற்று. பிறந்த ஊரில் கணக்குப்பிள்ளையும் பங்காளியும் முகம் அறிந்து சான்று கூறுவர். புலம்பெயர்ந்த ஊரில் நம் முகம் அறிந்தவர் யார்? அந்த வெற்றிடத்தை நிரப்புபவரே நோட்டரி. குடியேறிய மக்களுக்கு அவர் பிறரினும் மிகுதியாகத் தேவைப்படுவதன் காரணம் இதுவேயாம்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் சில ஆண்டுகள் நம் நாட்டு நோட்டரிகள் பலர் இங்கிலாந்துப் பேராயரின் மன்றத்தில் அதிகாரம் பெற்றவராகவே இருந்தனர். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் இந்திய அரசுக்கு அளித்திருந்த நியமன உரிமை, குறுகிய நோக்கம் உடையது. தன்னுரிமை பெற்ற நாட்டுக்கு இந்நிலை பொருந்தாது என்று கருதிய நாடாளுமன்றம் 1952-இல் நோட்டரிகள் சட்டத்தை இயற்றியது. அது 1956 பிப்ரவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில்தான் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன.

அச்சட்டத்தின்படி மத்திய அரசும் மாநில அரசும் நோட்டரிகளை நியமிக்கலாம். பொதுவாகப் பத்தாண்டு வழக்கறிஞர் தொழில் புரிந்தவர் அதற்குத் தகுதியுடையவர். மகளிர்க்கும் பட்டியல் இனத்தார், பழங்குடியினர், பிற்பட்டோர்க்கும் ஏழாண்டு போதும். பத்திரம் நிறைவேறியதை மெய்ப்பித்தல், சத்தியம் செய்வித்துப் பிரமாணப் பத்திரம் பெறுதல், ஒரு மொழிப் பத்திரத்தை மற்றொரு மொழியில் பெயர்த்து அப்பெயர்ப்புக்கு உறுதி கூறுதல் முதலியன அவர்தம் பணிகள். அவருடைய முத்திரை ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாய், அவர் பெயரும் பகுதியும் பதிவெண்ணும் நியமித்த அரசின் பெயரும் தாங்கியிருத்தல் வேண்டும். முத்திரையினும் சிறந்தது அவர் வைத்திருக்கும் பதிவேடு. முத்திரையைப் போலியாகச் செய்துவிடலாம். வரிசையாக எழுதப்பட்டு வரும் ஏட்டின் நடுவே ஒரு பொய்யைப் புகுத்துதல் அரிது. வெண்ணெய்நல்லூர்ச் சபையார் காப்பிலிருந்து வருவித்த மறு ஓலை என்ன பயன் தந்ததோ, அப்பயனையே இப்பதிவேடும் தருகிறது.

இனி, வீடு தேடி வருதலைக் காண்போம். இதுவும் முற்றிலும் புதியதன்று. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே, உடல் தளர்ந்தவர், சிறையிலிருப்பவர், நீதிமன்றத்துக்கு நேரில் வருவதினின்றும் சட்டத்தால் விலக்குப் பெற்றவர் ஆகியோர் பதிவு அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை எனக் கூறி, அலுவலரே சென்று விசாரிக்கவும் ஆணையர் ஒருவரை அனுப்பவும் வழி செய்தது. திரைமறைவில் வாழும் வழக்கமுடைய மகளிரும் அக்காலத்தில் இவ்விலக்கைப் பெற்றனர். நோட்டரிகளுக்கான 1956-ஆம் ஆண்டு விதிகள், கட்டணத்தோடு பயணப்படியும் பெற இடந்தந்தன. நோட்டரி தம் மேசையை விட்டு எழுந்து செல்வார் என்பதை விதி வகுத்தோர் அன்றே எதிர்பார்த்தனர் என்பது இதனால் விளங்கும். அமெரிக்காவில் இது தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நோட்டரி வழக்கறிஞராய் இருக்க வேண்டுவதில்லை. மருத்துவமனைக்கும் இல்லத்துக்கும் சென்று, அடையாள அட்டையை நோக்கி ஒப்பம் பெறுவதே அவர் வேலை. வர்ஜீனியா மாநிலம் 2012 முதல் காணொளி வழியாகவும் அப்பணியைச் செய்ய இசைந்தது. இடம் மாறினும் கருவி மாறினும், ஒப்பமிடுவோரைச் சான்றாளர் காணவேண்டும் என்னும் நெறி மட்டும் மாறவில்லை.

இந்நெறி வழுவும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது. ஆளைக் காணாமலே முத்திரை குத்தித் தருவோரும், தம் பெற்றோரின் ஒப்பத்தைத் தாமே இட்டு எடுத்துச் செல்வோரும் இல்லாமலில்லை. நடக்க மாட்டாத தந்தையை அலைக்கழிக்க வேண்டாவே என்னும் அன்பினால் சிலர் இதனைச் செய்கின்றனர். சொத்தின்மேல் கொண்ட ஆசையினால் சிலர் செய்கின்றனர். காகிதத்தைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இயலாது. ஆகவே அன்புடையாரும் அவ்வழியை விடுதல் வேண்டும். நோட்டரியை வீட்டுக்கு அழைப்பதற்கு ஆகும் சிறுசெலவு, முதியவரின் உடலையும் உரிமையையும் ஒருங்கே காக்கிறது.

நோட்டரியால் ஆகாதவை எவை என்பதும் அறியத்தக்கது. அவர் ஒப்பமிட்டதனால் வீட்டுமனை விற்பனை நிறைவேறிவிடாது. விற்பனைப் பத்திரம் சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும். நம் நகரின் புறப்பகுதிகளில் 'பவர் பத்திரம்' ஒன்றை நம்பியே மனை வாங்கியவர் பலர். அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடந்த விற்பனை உரிமையை மாற்றித் தராது என்று உச்சநீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாக்கியது. உயிலுக்கோ பதிவும் நோட்டரி ஒப்பமும் கட்டாயமில்லை. ஆனால் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்படி இரு சாட்சிகள் இன்றியமையாதவர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு பெறவேண்டும். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் பெருவழக்கானதன் காரணம் இதுவே. நோட்டரிக்கு நியமனப் பகுதி என ஓர் எல்லையும் உண்டு. பெங்களூருக்கு உரியவர் ஓசூருக்குச் சென்று பணிபுரிய அவருடைய சான்றிதழ் இடம் தரவேண்டும்.

பிள்ளைகள் அயல்நாட்டில் வாழும் இல்லங்கள் நம்மிடையே பல. அவர்கள் அங்கிருந்து அனுப்பும் அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரக அலுவலர் முன் நிறைவேற்றலாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வலுவலர்க்கு நோட்டரியின் அதிகாரத்தை அளித்துள்ளது. அப்பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். இங்கிருந்து செல்லும் சான்றுகளுக்கோ 'அப்போஸ்டில்' என்னும் முத்திரை வேண்டப்படும். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையால் வந்த அம்முறை 2005 முதல் இந்தியாவிலும் நடைமுறையில் உள்ளது. வெளியுறவு அமைச்சகம் அதனை வழங்குகிறது.

நோட்டரி இல்லம் வரும் நாளில் நாம் மறவாதிருக்க வேண்டியவை சிலவே. அவர் பெயரையும் பதிவெண்ணையும் நியமனக் காலத்தையும் முன்னரே கேட்டறிதல். அடையாளச் சான்றின் மூலத்தை எடுத்து வைத்தல். அவர் வருமுன் ஒப்பமிடாதிருத்தல். வெற்றிடம் உள்ள தாளில் கையெழுத்திடாதிருத்தல். அவருடைய பதிவேட்டிலும் ஒப்பமிட்டு வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளல். செலுத்திய கட்டணத்துக்கு இரசீது பெறுதல். இவற்றைக் கேட்பதனால் நல்ல நோட்டரி மனம் வருந்தார்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. இந்நகரில் பத்திரங்கள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. நம் பாட்டிமாரும் பாட்டனாரும் பலர் தமிழ் மட்டுமே படிப்பர். சிலர் அதுவும் அறியார். எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் வைத்த விரல்ரேகை, ஆளைக் காட்டுமேயன்றி மனத்தைக் காட்டாது. எனவே பத்திரம் முழுவதையும் அவர்க்குத் தமிழில் படித்துக் காட்டிய பின்னரே ஒப்பம் பெறுதல் வேண்டும். படித்து விளக்கப்பட்டது என்னும் குறிப்பும் பத்திரத்தில் இடம்பெறுதல் வேண்டும். படித்துக் காட்டுபவர் அச்சொத்தில் பங்கு இல்லாதவராய் இருத்தல் சாலச் சிறந்தது.

இவ்விடத்தில் நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கன்னடமும் ஆங்கிலமும் தமிழும் நன்கறிந்த ஓய்வு பெற்ற பெரியோர் நம் காலனியில் பலர் உளர். திங்களுக்கு ஒரு நாள் அவருள் இருவர் சங்கத்தில் அமர்ந்து, ஒப்பமிடும் முன்னர்ப் பத்திரத்தைப் படித்துப் பொருள் கூறும் தொண்டினை மேற்கொள்ளலாம். நடக்க இயலாதார் வீட்டுக்குச் சென்றும் கூறலாம். பொருட்செலவு இல்லாத பணி இது. ஒரு குடும்பத்தின் வீடு கைநழுவாமல் காக்கவல்ல பணியும் இதுவே. அடுத்த ஆண்டு விழா மலர் வெளிவருமுன் இத்தொண்டு தொடங்கப்பெறின் நம் முதியோர் அச்சமின்றி ஒப்பமிடுவர்.