நிலவாகை: நம்ம ஊர் பேதி மருந்தின் கதை

1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலை உள்ள நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு ஊரைப் பிரித்ததே தவிர வயிற்றைப் பிரிக்கவில்லை :-) அந்தப் பக்கம் விளக்கெண்ணெய், இந்தப் பக்கம் ஆவணக்கெண்ணெய். அந்தப் பக்கம் நிலவாகை, இந்தப் பக்கம் சுன்னாமுக்கி. சரக்கு ஒன்றுதான்.

நிலவாகை அரேபியாவிலிருந்து வந்த செடி. நெல்லைச் சீமையின் வறண்ட மண் அதற்குப் பிடித்துப்போனது. 19-ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, 'தின்னவேலி சென்னா' என்ற பெயரில் சீமை மருந்துக் கடைகளுக்குப் போனது. அதன் சத்தான சென்னோசைடுகளை 1941-ல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தார்கள்.

இன்னொரு பக்கம் அமெரிக்காவில் 1906-ல் எக்ஸ்-லாக்ஸ் என்ற சாக்லேட் பேதி மருந்து வந்தது. அதில் இருந்தது ஃபினால்ஃப்தலீன். ஆமாம், பள்ளிக்கூட லேப்பில் இளஞ்சிவப்பாக மாறுமே, அதேதான்! 90 வருடம் ஜோராக விற்றது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கட்டிகள் வந்ததால் 1997-ல் அதைக் கைவிட்டார்கள். பதிலுக்கு என்ன சேர்த்தார்கள் தெரியுமா? நம்ம நிலவாகை!

அப்படியானால் இது பத்திரமா? ஓரிரு நாளைக்கு, அளவோடு என்றால் பெரும்பாலும் ஆமாம். பெருங்குடலில் உள்ள பாக்டீரியா அதை மாற்றிய பிறகுதான் வேலை செய்யும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் ராத்திரி சாப்பிடுவது. வயிறு முறுக்கும். சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போகலாம், பயப்பட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் தின்றால் குடலின் உள்தோல் கறுக்கும் (நிறுத்தினால் மாறிவிடும்). அதைவிட முக்கியம், பேதியோடு பொட்டாசியமும் போய்விடும். தசை சோரும், இதயத் துடிப்பு தடுமாறும்.

இங்கே பிள்ளைகளோடு வந்து தங்கும் அப்பா அம்மாக்களில் பலர் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள். அதுவும் பொட்டாசியத்தை இறக்கலாம். கூடவே டிகாக்சின் என்ற இதய மாத்திரையும் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. பெட்டியில் வந்த நிலவாகைப் பொடியை "நாட்டு மருந்துதானே" என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். பொடியிலும் மாத்திரையிலும் இருப்பது ஒரே சென்னோசைடு. பொடியில் அளவு மட்டும் தெரியாது.

கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெய் வேண்டாம், கருப்பை சுருங்கும். காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு எந்தப் பேதி மருந்தும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள்.